களம் இங்கே, பட்டம் அங்கே

பெரியநீலாவணையிலிருந்து பொத்துவில் வரைக்கும் அம்பாறைக் கரையோரத்தின் எந்தப் பிரதேச செயலகத்துக்குள் நுழைந்தாலும் மேசைகளின் பெயர்ப்பலகைகள் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். சமூக சேவை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர், முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர். கொஞ்சம் தள்ளிச் சமுர்த்திப் பிரிவு. ஒரு வீட்டில் குழுக்கடன் தவணை கட்டவில்லை என்று கம்பனிக்காரர் வாசலில் வந்து நிற்கிறார். மூத்த பையன் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டான். கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். தாய்க்கு இரவில் நித்திரையில்லை. அந்தத் தாய் செயலகத்துக்கு வந்தால் அவருடைய ஒரே துன்பம் நாலு மேசைகளுக்குப் பங்கு பிரிந்துபோகும். பையனுக்கு ஒரு படிவம், அடிக்கு ஒரு முறைப்பாடு, நித்திரைக்கு வைத்தியசாலைக்கு ஒரு துண்டு, கடனுக்கு "அது எங்கட பிரிவு இல்லையே அக்கா" என்ற பதில். ஒவ்வொரு உத்தியோகத்தரும் தம் பங்கை ஒழுங்காகவே செய்திருப்பார். அந்த வீட்டை முழுதாகப் பார்த்தவர் யார் என்று தேடினால் ஒருவரும் இருக்க மாட்டார்.

முழுதாகப் பார்ப்பதற்கென்றே ஒரு படிப்பு உண்டு. அதுதான் சமூகப்பணி. சிக்காகோவில் ஜேன் ஆடம்ஸ் 1889 இல் ஹல் ஹவுஸ் என்ற இல்லத்தைத் தொடங்கி, பிழைப்புத் தேடி வந்த ஏழைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு நடுவிலேயே குடியிருந்தார். ஒரு குடும்பத்தின் நிலைமையை எப்படி விசாரிப்பது, எதை எதோடு பொருத்திப் பார்த்து முடிவுக்கு வருவது என்று மேரி ரிச்மண்ட் 1917 இல் ஒரு பெரிய நூலே எழுதினார். தனி ஆளோடு, குழுவோடு, ஊரோடு, சட்டதிட்டங்களோடு வேலை செய்யக் கற்பிக்கும் பாடத்திட்டம் அப்படித்தான் வளர்ந்து வந்தது. உலர் உணவுப் பொதி கொடுப்பதும் சிரமதானம் செய்வதும் நல்ல காரியங்கள். அவற்றுக்கு நல்ல மனம் போதும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்துச் சிறுவர் இல்லத்துக்கு அனுப்புவதா, தாயோடு வைத்துக்கொண்டே பாதுகாப்பதா என்று ஒரு பின்னேரத்துக்குள் முடிவெடுக்க நல்ல மனம் போதாது. அந்த முடிவு பிழைத்தால் ஒரு பிள்ளையின் வாழ்க்கை போய்விடும்.

இத்தகைய முடிவுகளில் நமது ஊர்களில் நாளாந்தம் கைவைப்பவர்களில் பலர், வரலாறோ புவியியலோ வணிகமோ படித்து, வேலை கேட்டு வீதியில் உட்கார்ந்து, கடைசியில் பட்டதாரி நியமனத்தில் உள்ளே வந்தவர்கள். நியமனத்துக்குப் பிறகு சில நாள் செயலமர்வு, ஒரு கைநூல், ஒரு கோப்பு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பயிற்சியைக் கொடுக்காமல் பொறுப்பை மட்டும் தலையில் ஏற்றிவிட்டது அரசாங்கம். அதை உணர்ந்த உத்தியோகத்தர்கள்தான் இன்றைக்குத் தங்கள் சொந்தச் சம்பளத்தில் சமூகப்பணி முதுமாணிக்கு விண்ணப்பம் போடுகிறார்கள். திருக்கோவிலிலும் தம்பிலுவிலிலும் ஆலையடிவேம்பிலும் நிந்தவூரிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

இந்தியாவில் இந்தப் படிப்பு 1936 இல் பம்பாயில் தொடங்கியது. தோராப்ஜி டாடா பெயரில் திறந்த அந்தப் பாடசாலைதான் பிறகு டாடா சமூக விஞ்ஞான நிறுவனமாக வளர்ந்தது. மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னையில் 1952 இல் சமூகப்பணிக் கல்லூரியைத் தொடங்கினார். அதே 1952 இல் கொழும்பிலும் ஒரு சமூகப்பணி நிறுவனம் பிறந்தது. இரண்டும் ஒரே வருடத்தில் புறப்பட்டவை என்பதை நினைக்கும்போது மனம் பொறுக்கவில்லை. தமிழ்நாட்டில் இன்றைக்கு மதுரை, கோயம்புத்தூர், திருச்சி என்று எத்தனையோ ஊர்க் கல்லூரிகளில் சமூகப்பணியில் முதுகலை படிக்கலாம். நமது நிறுவனம் பல பத்தாண்டுகள் டிப்ளோமாவோடு நின்றது. 1992 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டம் அதைத் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவனமாக்கியது. இளமாணிப் பட்டம் 2005 இல் வந்தது, முதுமாணி 2008 இல் வந்தது. போர் இருபது வருடத்தைத் தாண்டி, சுனாமியும் வந்து அடித்த பிறகுதான் இந்த நாட்டில் சமூகப்பணிக்குப் பட்டம் கிடைத்தது.

அந்த நிறுவனம் இருப்பது கட்டுநாயக்காவுக்குப் பக்கத்தில், சீதுவையில். திருக்கோவிலில் இருந்து அங்கே போகிறவர் அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ இரவு பஸ் ஏறவேண்டும், விடியக் கொழும்பில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்கவேண்டும். வார இறுதி வகுப்பு என்றால் வெள்ளி இரவும் ஞாயிறு இரவும் பஸ்ஸில் கழியும். திங்கட்கிழமை காலை அதே கண்ணோடு அலுவலகக் கதிரை. கைக்குழந்தை இருக்கிற பெண் உத்தியோகத்தரால் இதைச் செய்ய முடியுமா? பிள்ளையைப் பார்க்க உம்மாவோ அம்மாவோ இருக்கவேண்டும், தங்குவதற்குக் கொழும்பில் தெரிந்த வீடு இருக்கவேண்டும், கட்டணத்துக்கு நகை இருக்கவேண்டும். இவ்வளவும் இருந்தாலும் முதுமாணி வகுப்பு ஆங்கிலத்தில். பத்துப் பதினைந்து வருடம் தமிழில் அறிக்கை எழுதி, தமிழில் சண்டை தீர்த்து, தமிழில் ஆறுதல் சொன்ன ஒரு கெட்டிக்கார உத்தியோகத்தர் அங்கே ஒப்படை எழுதும்போது திடீரென்று வாய் திக்கியவராகிவிடுகிறார். அவருக்குத் தெரிந்ததில் பாதிகூடத் தாளில் இறங்குவதில்லை. ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உலகத்தில் இந்தத் துறையில் எழுதப்படுவதைப் படிக்க அது அவசியம். வாசிப்பது ஆங்கிலத்திலும், யோசிப்பதும் எழுதுவதும் விவாதிப்பதும் தமிழிலும் என்று ஒரு முதுமாணியை அமைப்பதற்கு எந்தச் சட்டமும் தடையில்லை.

பயணத்தால் முதலில் பலியாவது களப்பயிற்சி. சமூகப்பணிப் படிப்பின் உயிரே அதுதான். இந்தியக் கல்லூரிகளில் முதுகலை மாணவர்கள் பொதுவாகக் கிழமையில் இரண்டு நாள் களத்துக்குப் போகவேண்டும்: வைத்தியசாலைக்கு, நீதிமன்றத்துக்கு, சேரிக்கு, தொழிற்சாலைக்கு. போய் வந்த அன்றிரவே எழுதவேண்டும். அந்தப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் பார்த்தால் இந்தப் படிப்பு என்னவென்று விளங்கிவிடும். தாளை நெடுக மடித்து, ஒரு புறம் நடந்த பேச்சை ஒரு வரி விடாமல் எழுதுவார்கள். அவர் இப்படிச் சொன்னார், நான் இப்படிக் கேட்டேன், அவர் பேசாமல் இருந்தார், நான் உடனே வேறு கேள்விக்குத் தாவினேன். அதற்குப் பக்கத்தில், அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று எழுதவேண்டும். மீதி இடம் மேற்பார்வையாளருக்கு. "அவர் மௌனமானதும் நீங்கள் ஏன் தாவினீர்கள்? மௌனம் அவருக்குத் தேவைப்பட்டதா, உங்களுக்குப் பொறுக்கவில்லையா?" என்று சிவப்பு மையில் அங்கே ஒரு கேள்வி விழும். மாணவி அந்த ஒரு கேள்வியோடு அடுத்த கிழமை அதே வீட்டுக்குப் போகவேண்டும்.

இதை விநாயகபுரத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் வைத்துப் பாருங்கள். பயிற்சி மாணவி கொப்பியும் பேனையுமாகப் போய் நிற்கிறாள். வீட்டுக்காரி வயதானவர். மகன் காணாமல் போய் முப்பது வருடத்துக்கு மேலாகிறது. "எழுதுறத பிறகு எழுதலாம் மகள், முதல்ல இரிங்க, தண்ணி குடிங்க" என்கிறார். அன்றைக்கு அந்த மாணவியின் பதிவேட்டில் தகவல் என்று ஒன்றும் இருக்காது. பேரப்பிள்ளையின் பரீட்சை, கிணற்றுத் தண்ணீர் உவர்த்தது, கோயில் திருவிழா என்று பேச்சு போயிருக்கும். நல்ல மேற்பார்வையாளர் அந்தப் பக்கத்தைத்தான் அந்த மாதத்தின் சிறந்த வேலை என்பார். சேவைநாடி தன்னை முதலில் விருந்தோம்புகிறவராகக் காட்டிக்கொண்டார், மாணவி அதை ஏற்றுக்கொண்டாள், உறவு அங்கே தொடங்கியது. இந்தப் படிப்பினை எந்த விரிவுரையிலும் கிடைக்காது. கொழும்பில் நாலு சுவருக்குள் கிடைக்கவே கிடைக்காது.

இந்தக் கரையைப்போல் சமூகப்பணிக்குப் பாடம் சொல்லித்தரக்கூடிய இடம் இலங்கையில் வேறு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமியில் நாட்டில் முப்பத்தையாயிரம் பேரளவில் இறந்தார்கள். அதில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அம்பாறை மாவட்டத்தவர்கள். வேறெந்த மாவட்டமும் அத்தனை உயிரைக் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த மாதங்களில் இந்த வீதிகளில் ஓடிய வெள்ளை வாகனங்கள் நினைவிருப்பவர்கள் இருப்பார்கள். உளவளத்துணை தருகிறோம் என்று உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்தார்கள். நல்ல நோக்கத்தோடு வந்தவர்கள்தான் அனேகர். வினாக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு கெட்ட கனவு வருகிறதா, நினைவு திரும்பத் திரும்ப வருகிறதா என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்கள். பேரழிவுகளில் உளவியல் ஆதரவு எப்படி இருக்கவேண்டும் என்று ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து பொது வழிகாட்டியை வெளியிட்டது 2007 இல். அந்த வழிகாட்டிக்கான அனுபவத்தில் நமது கரையின் பங்கும் இருக்கிறது.

காயத்ரி பெர்னாண்டோ என்ற இலங்கை உளவியல் ஆய்வாளர் வேறு விதமாகக் கேட்டார். போரும் கடலும் பாதித்தவர்களை அவர்கள் வாயாலேயே கதை சொல்லவிட்டார். அவர்கள் தங்கள் துன்பத்தைத் தங்களுக்குள் இருக்கும் ஒரு நோயாகச் சொல்லவில்லை. தாயாக, மகனாக, அயலவராகத் தாங்கள் செய்யவேண்டியதைச் செய்யமுடியாமல் போனதையே பெரிய பாதிப்பாகச் சொன்னார்கள். அதாவது உறவு முறிந்த இடத்தில்தான் அவர்களுக்கு வலித்தது. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் வேலை செய்த மனநல வைத்தியர் தயா சோமசுந்தரமும் 1998 இலும் 2014 இலும் வெளியிட்ட நூல்களில், தனி மனிதரின் மனக் காயத்தோடு தொடங்கி ஊர் முழுவதன் காயத்துக்கு வந்து சேர்ந்தார். மருந்தும் தனி ஆலோசனையும் எட்டாத இடத்தைக் குடும்பத்தையும் ஊரையும் கொண்டுதான் எட்டவேண்டும் என்பது ஒரு வைத்தியரே சொன்னது. அதைச் செய்யப் பயிற்றப்பட்டவர் சமூகப்பணியாளர்.

மட்டக்களப்பில் பட்ரீசியா லோரன்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் தொண்ணூறுகளில் அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்கிறவர்களைப் பற்றி ஆராய்ந்தார். பிள்ளையைக் காணாத தாய்மார், பொலிஸிலும் முகாமிலும் கதவு மூடப்பட்ட பிறகு, அம்மன் முன்னால் போய் நின்று "என்ட பிள்ள இரிக்கானா" என்று கேட்டார்கள். வெளியே வாய் திறக்கமுடியாத காலத்தில் சத்தம் போட்டு அழக்கூடிய இடமாக அந்த வாசல் இருந்தது. இது மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டுப் போகிற ஒருவர் இந்தப் பிரதேசத்தில் சமூகப்பணி செய்யமுடியாது. அதுவே போதும், வேறொன்றும் வேண்டாம் என்று இருப்பவராலும் முடியாது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் திருக்கோவிலிலும் படத்தைக் கையில் ஏந்தி வீதிக்கு வந்திருக்கிறார்கள். 2016 இல் காணாமல் போனோர் அலுவலகத்துக்குச் சட்டம் வந்தது. தாய்மார் ஒவ்வொருவராகக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள். சடங்கும் சட்டமும் போராட்டமும் ஒரே தாயின் வாழ்க்கையில் சேர்ந்து கிடக்கும்போது, மூன்றையும் புரிந்துகொண்டு பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும்.

வீட்டு விஷயம் இதைவிடத் தெளிவான பாடம். இந்தக் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான ஒரு வழக்கம் உண்டு: குடி என்னும் குலம் தாய்வழியில் வரும், வீடு மகளுக்குப் போகும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். தாய் முன்வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்வளவில் சின்னதாக ஒன்று போட்டுக்கொண்டு போவார். அடுத்த மகளுக்குப் பக்கத்தில் கல் அரிந்து போடத் தொடங்குவார்கள். அண்ணன்மார் தங்கச்சியின் வீட்டுக்காக வெளிநாட்டில் உழைப்பார்கள். கோயிலில் வண்ணக்கர், பள்ளிவாசலில் மரைக்காயர் என்று குடி வழியாகவே பொறுப்புகளும் வந்தன. டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆராய்ந்து 2008 இல் வெளியிட்ட நூலில் இவையெல்லாம் விபரமாக இருக்கின்றன. சீதன வீட்டு முறையால் இளம் பெண்ணின் தகப்பனுக்கும் அண்ணனுக்கும் ஏற்படுகிற சுமையை நான் மறைக்கவில்லை. ஆனால் அடிக்கிற கணவனிடம் "இது என்ட வீடு, நீங்க வெளியே போங்க" என்று சொல்லக்கூடிய பெண் இந்தக் கரையில் இருந்தாள். அவளுடைய அம்மாவும் தங்கச்சியும் ஒரே வளவில் இருந்தார்கள். எந்தப் பாதுகாப்பு இல்லத்தாலும் தரமுடியாத பாதுகாப்பு அது.

சுனாமிக்குப் பிறகு என்ன நடந்தது? வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றர். சாய்ந்தமருது, மருதமுனை போன்ற நெருக்கமான ஊர்களில் 200 மீற்றர் என்றால் ஊரின் பெரும் பங்கு. பிறகு அந்த எல்லையைத் தளர்த்தினார்கள், அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் இடம் மாறிவிட்டன. அரச காணியில் கட்டிக் கொடுத்த புது வீடுகளின் பத்திரம் குடும்பத் தலைவர் பெயரில் போனது. தலைவர் என்று படிவத்தில் எழுதப்பட்டவர் கணவர். தாய் மகளுக்குக் கொடுத்த வளவு கடலுக்குப் போனது, அதற்குப் பதிலாக வந்த வீடு மருமகனுக்குச் சொந்தமானது. அரச காணியைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசில் ஆண்களுக்கு முதலிடம் கொடுத்ததும் 2022 இல்தான் திருத்தப்பட்டது. படிவத்தில் ஒரு சொல்லை நிரப்பும்போது "இந்த ஊரில் வீடு யாருடையது?" என்று ஒருவர் கேட்டிருந்தால் எத்தனை பெண்களின் காலடி மண் அவர்களிடமே இருந்திருக்கும். கேட்கத் தெரிந்தவர்கள் களத்தில் இருந்தார்கள். அவர்கள் சொல்லைக் கேட்க மேலே ஆள் இல்லை. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியில் கட்டப்பட்ட 500 வீடுகள் வழக்கில் சிக்கிப் பல வருடம் ஆளில்லாமல் காடு பற்றிப் போனதும் இதே வகைத் துயரம்தான்: கட்டிடம் எழும்பியது, அதில் யார், எப்படி, யாருடைய ஒப்புதலோடு குடியேறுவது என்ற வேலை நடக்கவில்லை.

சமூகப்பணி என்றால் பக்கத்தில் இருந்து கண்ணீர் துடைப்பது மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு உதாரணம் சொல்லவேண்டும். 1995 இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள்; உலகத்திலேயே மிக மோசமான நிலைகளில் அது ஒன்று. பெரும்பாலானவை கிருமிநாசினியால். கொடிய நஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்யச் செய்ய அந்த எண்ணிக்கை படிப்படியாக இறங்கி மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வந்தது. கோபத்தில் ஒரு கணம் கைக்கெட்டியது முன்போல் உயிரைக் குடிக்கவில்லை. அந்த உயிர்களைக் காப்பாற்றியதில் சட்டத்தின் பங்கு பெரிது. வயலும் மருந்துப் போத்தலும் வீட்டுக்குள் இருக்கிற இந்த மாவட்டத்தில், வீட்டுக்கு வீடு பேசத் தெரிந்தவரும் தடைச் சட்டத்துக்கு ஆதாரம் சேர்க்கத் தெரிந்தவரும் ஒரே ஆளாக இருக்கவேண்டும். முதுமாணிப் படிப்பில் ஆய்வேடு என்று ஒன்று இருப்பது அதற்காகத்தான்.

குழுக்கடன் விஷயத்திலும் அப்படித்தான். 2018 இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. தள்ளுபடி வரவேண்டியதுதான். ஆனால் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க மூன்றாவது என்று ஒரு பெண் எப்படி மாட்டுகிறாள், குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வாசலில் போய் நிற்கிற அவமானம் அயலைத் துண்டாடுவது எப்படி என்பதை வீடு வீடாக எழுதிவைத்தவர்கள் எத்தனை பேர்? மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகும் தாய்மாருக்காக 2013 இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்று கொண்டுவந்தார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் பயணம் தடை. 2022 இல் அதைத் தளர்த்தினார்கள். இடையில் நடந்தது என்னவென்று இந்தக் கரையில் தெரியாதவர் இல்லை: பிள்ளைகளின் எண்ணிக்கை மறைக்கப்பட்டது, தரகர் கொழுத்தார், வேறு வழியில் போனவள் அங்கே பாதுகாப்பு இல்லாமல் போனாள். பிள்ளையை யார் பார்ப்பார் என்பது நியாயமான கேள்வி. தாயைத் தடுப்பது அதற்கு விடையாகாது. உம்மம்மாவோடு இருக்கிற பிள்ளைக்குப் பாடசாலையிலும் அயலிலும் என்ன துணை கட்டவேண்டும் என்று ஒரு திட்டம் போட, அந்த அறிக்கையை நிரப்பிய உத்தியோகத்தருக்கு நேரமும் பயிற்சியும் கொடுக்கப்படவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, "இன்னொரு பட்டமா?" என்று சலிப்பவர்களின் நியாயத்தையும் கேட்கவேண்டும். நமது ஊர்களில் முதுமாணி என்பது சம்பளப் படி ஏறவும் பதவியுயர்வுக்குப் புள்ளி சேர்க்கவும் ஒரு துண்டாகிவிட்டது. ஆய்வேட்டை எழுதித் தருகிறவர்கள் கூட இருக்கிறார்கள் என்று கேள்விப்படும்போது நெஞ்சு கொதிக்கிறது. படித்து வந்தவர் அதே மேசையில் அதே படிவத்தைத்தான் நிரப்பப்போகிறார் என்றால் படிப்பு எதற்கு? ஆகவே பட்டத்தோடு சேர்த்து இரண்டு விஷயம் கேட்கவேண்டும். வைத்தியருக்கும் தாதியருக்கும் சட்டத்தரணிக்கும் இருப்பதுபோல் சமூகப்பணியாளருக்கும் பதிவும் நடத்தை விதிகளும் வேண்டும் என்பது அந்தத் தொழிலில் உள்ளவர்களின் நெடுங்காலக் கோரிக்கை; அதை நிறைவேற்றவேண்டும். வைத்தியசாலைகளிலும் பாடசாலை வலயங்களிலும் நீதிமன்றங்களிலும் சமூகப்பணி படித்தவருக்கென்றே ஆளணி ஒதுக்கவேண்டும். சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929 க்கு ஒரு பிள்ளையைப் பற்றி அழைப்பு வருகிறது, பெண்கள் உதவி இலக்கமான 1938 க்கு ஒரு பெண் அழைக்கிறார். தொலைபேசியை எடுப்பவர் கொழும்பில் இருக்கலாம், கதவைத் தட்டப் போகிறவர் இந்த ஊரில்தான் இருக்கவேண்டும்.

எங்கே தொடங்குவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து, சீதுவையின் அனுபவத்தையும் கேட்டு, தமிழ்மொழியில் ஒரு சமூகப்பணி முதுமாணியை நடத்தலாம். வகுப்பு ஒலுவிலில் என்றால் திருக்கோவிலில் இருந்து காலையில் போய்ப் பின்னேரம் வீடு திரும்பலாம். கைக்குழந்தைக்காரியும் படிக்கலாம். சமூகவியல் விரிவுரையாளர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். சட்டத்துக்கும் மனநலத்துக்கும் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் ஆட்கள் இருக்கிறார்கள்.

அந்த முதுமாணியில் ஒரே ஒரு நிபந்தனையை விட்டுக்கொடுக்கக்கூடாது என்பேன். களப்பயிற்சி சொந்த ஊரில் இருக்கக்கூடாது. திருக்கோவில், காரைதீவு, பாண்டிருப்பு மாணவர்கள் நிந்தவூருக்கும் மருதமுனைக்கும் சம்மாந்துறைக்கும் போகவேண்டும். முஸ்லிம் ஊர் மாணவர்கள் தம்பிலுவிலுக்கும் கோமாரிக்கும் நற்பிட்டிமுனைத் தமிழ்ப் பக்கத்துக்கும் வரவேண்டும். ஒரே தமிழைப் பேசி, ஒரே குடி முறையில் வாழ்ந்து, ஒரே கடலில் மீன் பிடிப்பவர்கள் போருக்குப் பிறகு ஒருவர் வீட்டு விறாந்தையில் ஒருவர் உட்காராமல் வளர்ந்திருக்கிறோம். கல்முனையில் ஒரு பிரதேச செயலகம் பற்றி இரு சமூகத்துக்கும் இடையிலான பிணக்கு எத்தனை வருடமாக எத்தனை கசப்பை வளர்த்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். தமிழ் மாணவி காழி நீதிமன்ற வாசலில் ஒரு தாயோடு நாள் முழுதும் காத்திருந்து, 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் அந்தத் தாய்க்கு என்ன கொடுக்கிறது, என்ன மறுக்கிறது என்று அறியவேண்டும். பள்ளிவாசல் ஸகாத் நிதி எப்படிப் பிரிக்கப்படுகிறது என்று அவளுக்குத் தெரியவேண்டும். முஸ்லிம் மாணவர் கோயில் நிர்வாகக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து, சாதியும் குடியும் அங்கே எப்படிப் பேசுகின்றன என்று பார்க்கவேண்டும். கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையிலும் இருவரும் மாறி மாறிக் களப்பயிற்சி செய்யவேண்டும். சமாதானம் பற்றி நடத்தப்பட்ட கூட்டங்கள் போதும். இரண்டு வருடம் கிழமைக்கு இரண்டு நாள் அடுத்த ஊரின் கஷ்டத்தைத் தன் கையால் எழுதிய ஒருவரை நாளைக்கு ஒரு வதந்தி இலகுவில் ஆட்டாது.

மேற்பார்வையாளர்களுக்கு எங்கே போவது என்று பல்கலைக்கழகங்கள் கேட்கும். நியாயமான கேள்வி, மேற்பார்வை இல்லாத களப்பயிற்சி ஊர்சுற்றல்தான். 2005 இல் நமது பாடசாலைகளில் இருந்த முகாம்களை நடத்தியவர்கள், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளைப் பெயர் பெயராகப் பதிந்து உறவினரைத் தேடிக் கொடுத்தவர்கள், எந்தக் கூடாரத்தில் எந்தப் பெண் தனியாக இருக்கிறாள் என்று இரவில் சுற்றிப் பார்த்தவர்கள் இதே ஊர்களில் இருக்கிறார்கள். நன்னடத்தை உத்தியோகத்தர்கள், குடும்ப சுகாதார உத்தியோகத்தர்கள், கிராம உத்தியோகத்தர்கள், பெண்கள் அமைப்புகளில் வேலை செய்த அக்காமார், பள்ளிவாசல் நிவாரணக் குழுவை நடத்தியவர்கள். அவர்களுக்குத் தெரிந்தது எந்த நூலிலும் இல்லை. தெரிந்ததைக் கேள்வியாக்கி மாணவரிடம் திருப்பிக் கேட்கும் முறையை மட்டும் அவர்களுக்குக் கற்றுக் கொடுக்கவேண்டும், அதற்கு ஒரு கொடுப்பனவும் வேண்டும். அன்றைக்கு நாற்பது வயதில் நின்றவர்கள் இப்போது அறுபதைத் தாண்டி ஓய்வில் இருக்கிறார்கள். முதுமாணிக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதி வரச் சில வருடம் எடுக்கலாம். மேற்பார்வையாளர் பயிற்சிக்கு அந்த அனுமதி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒலுவிலில் ஒரு விரிவுரை மண்டபமும் சனிக்கிழமைகளும் கிடைத்தால் இந்த வருடமே தொடங்கிவிடலாம்.